எல்லாருக்கும் ஒரே ஜெனரேட்டர்

போன வெள்ளத்துக்கு அப்புறம் எங்க தெருவுல ஆளாளுக்கு ஒரு திட்டம் போட்டாங்க. கரண்ட் போனா கடையை எப்படி ஓட்டறதுன்னு ஒவ்வொருத்தரா வந்து என் வீட்டுக்காரர்கிட்டதான் கேட்டாங்க. அவரு வெல்டர், வீட்டை ஒட்டின பட்டறையில ஜெனரேட்டர் இருக்கு. கேட்டவங்களுக்கெல்லாம் அதைத் தர்றேன்னுட்டாரு மனுஷன்!

அதுக்கப்புறம்தான் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, நுரையீரல் கெட்டுப்போய் வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்துச்சு. கரண்ட்ல ஓடுறது. இதை வெளிய சொன்னா சாக்குன்னு நினைப்பாங்கன்னு இவரு வாயே திறக்கல.

இந்த வருஷம் புயல் அடிச்சு ஓஞ்ச காலையில கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்லதான் மெஷின் ஓடிட்டிருந்துச்சு. பால்கடைக்காரர் தள்ளுவண்டியோட வந்துட்டாரு. பின்னாடியே மருந்துக்கடை அக்கா, இன்சுலின் கெட்டுப்போகுதுன்னு. "எனக்குத்தான் முதல்ல சொன்னாரு", "இல்ல, எனக்கு"ன்னு ஒரே இழுபறி. இவரு கையைப் பிசைஞ்சுட்டு நிக்கறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க! உள்ள மாமா அதுலதான் மூச்சு விடறாரு. அவரையும் வண்டியில ஏத்திக்கோங்க!"

"அந்த வண்டி வேண்டாம்மா, பால் நாத்தம் அடிக்கும்"னு உள்ளேயிருந்து மாமா. யாரும் சிரிக்கல.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"ன்னாங்க அக்கா.

"யாரும் கேக்கலையே அக்கா"ன்னாரு இவரு.

இன்சுலினை எங்க ஃப்ரிட்ஜ்ல வச்சோம். பால்கடைக்காரர் தன் ஃப்ரீசரையே கொண்டு வந்து சொருகினாரு. ஜெனரேட்டர் திணறுச்சு, மெஷின் நின்னுபோச்சு. மாமா உதடு நீலமாச்சு. யாரும் சொல்றதுக்கு முன்னாடியே பால்கடைக்காரர் பாய்ஞ்சு தன் ஒயரைப் பிடுங்கினாரு. "பால் போனா போகட்டும்மா!"

மெஷின் மறுபடி ஓடுச்சு. தினமும் மாமாகூட மல்லுக்கட்டறவதான் நான். அவரு நெஞ்சு ஏறி இறங்கறதைப் பார்த்ததும் ஓன்னு அழுதுட்டேன். பால்கடைக்காரருக்கு அன்னைக்கு அத்தனை பாலும் வீணாச்சு.

அடுத்த வாரம் தெருவே ஒண்ணா உக்காந்துச்சு. பால்கடைக்காரர்தான் ஆரம்பிச்சாரு. "யார்கிட்ட என்ன இருக்குன்னு அப்புறம் பேசலாம். யார் வீட்டுல என்ன தேவை, அதை முதல்ல சொல்லுங்க."

முதல்ல மருந்துக்கடை அக்கா, தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "அந்த இன்சுலின்ல எனக்குப் போடறதும் இருந்துச்சு. வீட்டுல நான் மட்டும்தான். என்னைக்காவது கடை திறக்கலைன்னா யாராச்சும் வந்து பாருங்க"ன்னாங்க.

இத்தனை வருஷமா அவங்ககிட்டதான் மருந்து வாங்கறோம். உங்க உடம்பு எப்படின்னு நாங்க ஒருத்தர்கூட கேட்டதில்ல. வீட்டுச் சாவி ஒண்ணை என்கிட்ட குடுத்து வைங்கன்னு அங்கேயே கையை நீட்டினேன்.