மின்னல் வைத்த மஞ்சள் கோடு

கார் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அழகுக்கு வைத்த பெயர் இல்லை, கை வேகத்துக்கு வைத்தது. கார்கள் வரிசையாக ஏறி வரும் லைன் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு காருக்கு ஒன்றரை நிமிடம். மற்றவர்கள் மூச்சு வாங்கி முடிக்கிற வேலையை அவள் இருபது நொடி மிச்சம் பிடித்து முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அடுத்த காருக்காக நிற்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தலையை நுழைத்து, ஸ்டியரிங் தண்டை அடியில் இருக்கும் இணைப்போடு பூட்டுவது அவள் வேலை. ஒரே ஒரு போல்ட். கையால் திருகி ஏற்ற வேண்டும். பிறகு ரெஞ்சு போட்டு 'டக்' என்று சத்தம் வரும்வரை முறுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று பொருள். பின்னால் சோதனைக்கு வருகிறவர்கள் போல்ட்டைத் தொடக்கூட மாட்டார்கள், கோட்டைப் பார்த்து முத்திரை குத்திவிடுவார்கள்.

மின்னலோ கோட்டை முதலில் இழுத்துவிட்டு அப்புறம் முறுக்குவாள். ரெஞ்சைக் கீழே வை, பேனாவை எடு, மூடியைத் திற என்கிற கூத்தெல்லாம் மிச்சம். அவள் வேகத்தின் ரகசியம் இவ்வளவுதான். தப்பு என்று தெரியாதா? தெரியும். முறுக்கத்தானே போகிறோம், இதிலென்ன வந்துவிடப்போகிறது என்று மூன்று வருடமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பத்து மணிக்கு அவளுடைய டீ நேரம். லைன் யாருக்காகவும் நிற்காது, அதனால் மாற்று ஆள் வருவான். வந்தவன் அவள் கொழுந்தன், புருஷனின் தம்பி. அவள்தான் காலில் விழாத குறையாகச் சொல்லி அவனை வேலைக்குச் சேர்த்திருந்தாள். ஒரு நீலக் காருக்குள் அவள் பாதி உடம்பை நுழைத்திருந்தபோது தோளைத் தட்டினான்.

"அண்ணி, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

அவளும் போய்விட்டாள். கேன்டீன் இருப்பது லைனின் கடைசிக் கோடியில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம். இரண்டு டம்ளர் டீ குடித்து, யார் யாருக்கு நிரந்தர வேலைக் கடிதம் வரும் என்று பக்கத்துப் பெஞ்சுக்காரிகளோடு வம்பளந்தாள். திங்கட்கிழமை வரவேண்டிய கடிதம் அது. அவள் பெயரும் பட்டியலில் இருந்தது. கை கழுவ எழுந்தபோதுதான் கட்டை விரலில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

கோடு இழுத்தேன். அப்புறம்? தோளைத் தட்டினான், நான் எழுந்து வந்துட்டேன். ரெஞ்சை எடுத்தேனா?

எடுக்கவில்லை.

கோட்டைப் பார்த்துக் கொழுந்தன் முடிந்த வேலை என்று விட்டிருப்பான். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். அதே நீலக் கார் லைனை விட்டு இறங்கி, வெளிவாசலை நோக்கி நின்றுகொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார் பைலட். தயாரான வண்டியை மைதானத்தில் ஓட்டிப் பார்க்கிற டிரைவருக்கு அங்கே அந்தப் பெயர். எண்பதில் போய், ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டி, பிரேக் அடிப்பார். போல்ட் கழன்றால் ஸ்டியரிங் மட்டும்தான் சுற்றும், சக்கரம் திரும்பாது. மைதானத்தின் முனையில் கான்கிரீட் சுவர்.

சொல்லாமல் இருந்தால்? பொய் சொல்வானேன், ஒரு கணம் அப்படியும் நினைத்தாள். சொன்னால் கடிதம் போச்சு. கொழுந்தன் வேலையும் போச்சு, வீட்டில் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது? அதற்குள் கால்கள் அவளைக் கேட்காமலே கதவைத் தாண்டியிருந்தன.

"அண்ணே! அண்ணே, ஒரு நிமிஷம் இறங்குங்க. என் பேனா உள்ள விழுந்துடுச்சு."

"என்னம்மா மின்னல், தங்கப் பேனாவா? ஒரு ரவுண்டு போயிட்டு வந்து எடுத்துத் தர்றேன்" என்று சிரித்து, அவர் கண்ணாடியை ஏற்றினார். வண்டி நகர்ந்தது.

அவள் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் பானெட்டில் ஊன்றிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். டயர் கிறீச்சிட்டது. முட்டியில் பம்பர் இடித்தது, அவ்வளவுதான்.

"பைத்தியமா உனக்கு? சாகப் பாத்தியே!" பைலட் பேயறைந்த முகத்தோடு இறங்கினார். சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவள் மென்று விழுங்கி மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், முதலில் கோடு இழுக்கிற பழக்கம் உட்பட.

சூப்பர்வைசர் திட்டவில்லை. ஒரு ரெஞ்சை வாங்கி, காருக்குள் தானே குனிந்தார்.

டக்.

முறுக்கவே இடமில்லை. போல்ட் இறுகித்தான் இருந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டார்கள். விஷயம் என்னவென்று புரிந்ததும் அவன் தலையைச் சொறிந்தான். "நான்தான் முறுக்கினேன் சார். நாலு சுத்து சுத்துச்சு."

"கோடு இருந்துச்சே? அப்புறம் ஏன் முறுக்கின?"

அவன் அண்ணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நானும் கோட்டை முதல்லயே போட்டுடுவேன் சார். அண்ணி சொல்லிக் கொடுத்ததுதான். அதனால அடுத்தவங்க போட்ட கோட்டை நான் நம்புறதே இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது மின்னலுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பைலட்கூட, "நல்ல குடும்பம்டா சாமி!" என்றார். வேலை போனாலும் போகட்டும், ஒரு மனுஷன் தப்பித்தான் என்று அவள் மனம் குளிர்ந்தது.

சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "காலைலேருந்து வந்த வண்டி எல்லாத்தையும் பாக்கணும்" என்றார்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கும் சார். இது ஒண்ணுலதான் நடுவுல எழுந்துட்டேன். சத்தியமா."

"பாத்துடுவோம்."

பின்பக்கத்து முற்றத்தில் ஐம்பத்தெட்டுக் கார்கள் நின்றன. சூப்பர்வைசர் ரெஞ்சோடு ஒவ்வொன்றாகக் குனிந்தார், அவள் கதவைத் திறந்து திறந்து விட்டாள். டக். டக். டக். பத்து, இருபது, முப்பது. வெயில் ஏறியது. அவளுக்குத் தைரியமும் ஏறியது. முப்பத்தேழாவது வண்டி சிவப்பு. அவர் குனிந்தார். சத்தம் வரவில்லை.

ரெஞ்சைத் தரையில் வைத்துவிட்டு அவர் வெறும் விரலால் போல்ட்டைத் திருகினார். அது சுற்றியது. அதன் தலையில் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது.

அந்தச் சிவப்பு வண்டியை அவளுக்கு ஞாபகமே இல்லை. யாரும் தோளைத் தட்டவில்லை, அவள் நடுவில் எழுந்திருக்கவில்லை, எதுவுமே நடக்கவில்லை. மற்ற வண்டிகளைப் போலத்தான் இதுவும் வந்து போயிருந்தது.

பைலட் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "இதை நான் ஓட்டினேனே" என்றார், குரல் கம்மிப்போய். "எண்பதுல வெட்டினேன். நல்லாத்தானே போச்சு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. இன்றைக்குக் கழலாது. எவனோ வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எத்தனை மாதம் கழித்தோ ஏதோ ஒரு வளைவில்.

"எத்தனை நாளாம்மா இப்படிக் கோடு போடுற?" சூப்பர்வைசர் கேட்டார்.

"மூணு வருஷமா சார்."

முற்றத்தின் கோடியில் நீளமான லாரி ஒன்று இரண்டு தட்டிலும் கார்களை ஏற்றிக்கொண்டு உறுமியது. நேற்றைய வண்டிகள். காவலாளி எழுந்து சாவகாசமாகக் கேட்டைத் திறக்கப் போனார்.

"சாத்துங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடினாள். "கேட்டைச் சாத்துங்க! ஐயோ, யாராவது அந்த லாரியை நிறுத்துங்க!"