கிரகணத்துக்கு வெட்டிய படம்

"முழுங்கினாத்தான் குத்துதா, சும்மா இருந்தாலும் குத்துதா?" என்று சண்முகப்ரியா கேட்டாள்.

"ரெண்டுந்தான் தாயி. ஞாயித்துக்கெழம சாளை மீனு தின்னப்போ முள்ளு சிக்கிட்டு. நாலு நாளா கஞ்சித்தண்ணிதான்" என்றாள் தங்கத்தாய். விசைத்தறியில் வேலை செய்பவள். பேசும்போதே பிடரியைத் தேய்த்துக்கொண்டாள்.

சங்கரன்கோவிலில் அந்த ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள் சண்முகப்ரியா. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்த படத்தில், குரல்வளைக்கு மேலே வெள்ளையாக ஒரு பொட்டு. டாக்டர் கோமதிநாயகம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"முள்ளு. நாளைக்கே திருநெல்வேலிக்குப் போங்க. மயக்கம் குடுத்து எடுத்துருவாங்க."

மயக்கம் என்றதும் தங்கத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். முன்பு மயக்க ஊசி போட்டுக்கொண்ட அவள் தங்கச்சி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

சண்முகப்ரியாவுக்குப் படம் உறுத்தியது. முள் என்றால் கோடாகத் தெரியும். இதுவோ உருண்டையாக, ஓரம் வழவழவென்று இருந்தது. சிலர் தொண்டையில் கோதுமை மணி அளவில் ஒரு குருத்தெலும்பு உண்டு. வயதாக ஆகச் சுண்ணாம்பு ஏறிப் படத்தில் வெள்ளையாக விழும். நோயே இல்லை. ஒருத்தர் மூக்கு சப்பை, ஒருத்தர் மூக்கு கூர் என்பதுபோலத்தான்.

"சார், இது குருத்தெலும்பா இருக்கலாம்."

"நீ படம் எடு. வாசிக்கது என் வேல."

"அப்போ படத்த வாசிங்க சார். அந்தம்மா முள்ளுன்னு சொன்னதத்தான் வாசிச்சிருக்கீங்க."

அவர் முகம் சிவந்தது. போனால் வேலைதானே போகும் என்று அவள் தங்கத்தாய் பக்கம் திரும்பினாள்.

"முன்ன எப்பவாச்சும் பிடரி வலின்னு படம் எடுத்திருக்கீங்களா பெரியம்மா?"

"மூணு வருசமிருக்கும். பீரோ மேல கெடக்கு."

அரைமணி நேரத்தில் புருஷன் பேச்சிராஜா பைக்கில் கொண்டுவந்தார். விரித்தால் தலைப்பக்கம் சதுரமாக வெட்டியிருந்தது.

"யாரு வெட்டினது?"

"நாந்தான். கிரகணம் பாக்க."

"கழுத்த விட்டுவெச்சீங்களே அண்ணாச்சி, பெரிய புண்ணியம்."

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப்பெட்டியில் பக்கம்பக்கமாக மாட்டினார். அதே இடம். அதே உருண்டை. வெகுநேரம் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஞாயித்துக்கெழம தின்ன மீனு, மூணு வருசத்துக்கு முன்னயே முள்ளப் போட்டுட்டுப் போயிருக்கு" என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுபடி தொண்டையைப் பார்த்தார். "முள்ளு ஞாயித்துக்கெழமையே எறங்கிருச்சு. கீறின புண்ணுதான் குத்துது. ரெண்டு நாள்ல ஆறலைன்னா வாங்க." திருநெல்வேலிக்கு எழுதிவைத்திருந்த சீட்டைக் கிழித்தார். சண்முகப்ரியாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்த எலும்புக்குப் பேரு என்ன? சொல்லு, எழுதுதேன்" என்றார்.

"தாயி, எனக்கும் எழுதிக் குடு. இன்னொரு டாக்டர் மறுபடி முள்ளும்பாரு" என்றாள் தங்கத்தாய்.

சண்முகப்ரியா மார்க்கரை எடுத்துப் பழைய படத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'இது முள் அல்ல. இவருக்கு இப்படித்தான்.'

தங்கத்தாய் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு படத்தைச் சுருட்டி, புருஷனிடம் கொடுக்காமல் தன் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டாள்.

"இட்லி திங்கலாமா தாயி?"

"மெதுவாத் தின்னுங்க."

"நாலு வாங்கிட்டு வாங்க" என்றாள் புருஷனிடம்.