எவரும் ஏறாத குதிரை

கல்யாண வீட்டில் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்பது பொங்கியண்ண மாமாவின் கொள்கை. பானை புதிது, பாய் புதிது, பந்தல்கால் புதிது. மகள் செல்லாத்தாளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏறிவரும் குதிரையும் அப்படியே.

"ஊரே ஏறி எறங்குன குதிரைலயா என்ற மாப்பிள்ள வாரது?" என்று பொள்ளாச்சிக்குப் போய், அதுவரை எவரும் முதுகில் உட்காராத குதிரை ஒன்றைத் தேடிப்பிடித்து, நான்கு ஆட்களை வைத்துக் கொல்லங்கோட்டுக்கு இழுத்து வந்தார். விற்றவன் ஏன் சிரித்தான் என்று அவர் யோசிக்கவில்லை. பாலக்காட்டுக் காலேஜில் லாஜிக் படிக்கும் நானும் யோசிக்கவில்லை.

அந்தக் குதிரையோடு எனக்கு ஒரு வேலை இருந்தது. நான் மாமாவின் தங்கை மகன். செல்லாத்தாளுக்கு முறை மாப்பிள்ளை. எங்கள் வழக்கப்படி, மாப்பிள்ளை பந்தல் வாசலுக்கு வந்ததும் நான் குதிரையைப் பிடித்து நிறுத்தி, அவரிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டு, கைகொடுத்து இறக்க வேண்டும். பெண்ணை விட்டுக்கொடுத்தேன் என்று பொருள். அதற்குமுன் அவர் தரையில் விழுந்தால் நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று பொருள். தாலியை நானே கட்ட வேண்டும். அப்படி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. குதிரைகள் அதுவரை ஒத்துழைத்திருந்தன.

மாப்பிள்ளை ஆறுச்சாமி நிதானமான மனிதர். அவரை நாலு பேர் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள். குதிரை கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. மேளம் தொடங்கியது.

அதன்பின் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டன. தலைப்பாகை பந்தல்மேல் போய் விழுந்தது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தாமலே கிணற்றுமேட்டில் ஏறிக்கொண்டார். ஆறுச்சாமி மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். பிடரியை மட்டும் விடவில்லை. முந்நூறு பேர் திறந்த வாயை மூட மறந்து நின்றோம். ஒரு குழந்தைகூட அழவில்லை.

"போய் எறக்கி உடு சாமி!" என்றார் மாமா என்னிடம்.

"அது நிக்கட்டுமுங்க மாமா," என்றேன், பத்து முழம் தள்ளி நின்று.

குதிரை வேலியைத் தாண்டி நாற்றுவயலில் இறங்கியது. மாப்பிள்ளையின் இரண்டு கால்களும் இப்போது ஒரே பக்கம் தொங்கின.

செல்லாத்தாளின் அம்மா சுப்பாத்தாள் அத்தை தாலித்தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முகூர்த்தம் போயிருமாட்ட இருக்குது. அவரு உழுந்தா என்ன, நம்ம பையன் இருக்கறானல்லொ? ஏ மருதாத்தா, தம்பிக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்துட்டு வா."

செல்லாத்தாள் என்னைச் சிறுவயதில் இரண்டு முறை அடித்திருக்கிறாள். இரண்டிலும் நியாயம் அவள் பக்கம். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மருதாத்தாள் நிஜமாகவே வேட்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

ஓடினேன். வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது.

"அண்ணா, உழுந்தராதீங்!"

"நானென்ன ஆசப்பட்டா உழுகறேன் தம்பி?" என்று ஆகாயத்திலிருந்து பதில் வந்தது.

கழுத்துக் கயிறு கைக்கு அகப்பட்டது. குதிரை என்னையும் சேற்றில் இழுத்துக்கொண்டு அரை வயல் போனது. நான் விடவில்லை. கடைசியில் அதுவே நின்று, இருவரையும் மாறிமாறிப் பார்த்து மூச்சு வாங்கியது.

"வெத்தல, அண்ணா, வெத்தல!"

ஆறுச்சாமி மடியிலிருந்து கசங்கிய வெற்றிலையை எடுத்து நீட்டினார். வாங்கினேன். கால் தரையில் படாமல் அவரைத் தோளில் இறக்கி, நெல்மூட்டைபோல் பந்தலுக்குச் சுமந்துவந்தேன். மருதாத்தாள் வேட்டியைத் திரும்ப மடித்தாள்.

கால்களைச் சேர்க்க முடியாமல் ஆறுச்சாமி மணையில் உட்கார்ந்து தாலி கட்டினார். முடிச்சு விழும்வரை குனிந்திருந்த செல்லாத்தாள், தலை நிமிர்ந்து, சேறு சொட்ட நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குதிரைக்குப் பயந்து பத்து மொழம் தள்ளித்தான நின்னீங்க?" என்றாள் மெதுவாக. "என்னையக் கட்டோணும்னதும் குதிரையே தேவலைன்னு ஓடுனீங்களாக்கும், மாமா?"