பொருளாதாரத்தில் தொண்ணூற்றேழு

மகள் பாண்டிமீனா துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த பாடங்களை அப்படியே வாசித்திருந்தால் ஜெயபாண்டிக்கு இந்த வம்பே வந்திருக்காது. ஆனால் பதினெட்டு வருசமாக பஸ் கண்டக்டராக இருப்பவருக்கு, அடுத்தவரைத் திருத்தாமல் வாய் சும்மா கிடக்குமா? அரையாண்டுத் தேர்வில் அவள் வரலாற்றில் எழுபத்தொன்பது, பொருளாதாரத்தில் தொண்ணூற்றேழு.

"வரலாத்தத் தூக்கிரு சிராஜு. பொருளாதாரத்தப் போடு. மார்க்கு இருக்கிற பக்கந்தான சீட்டுக் கெடைக்கும்?"

மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திருப்பரங்குன்றத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சிராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மகளின் தலையெழுத்தையே மாற்றிவிட்ட பெருமையோடு வீடு திரும்பினார். மாற்றித்தான் இருந்தார்.

மூன்று வாரம் கழித்து சிராஜ் போன் பண்ணினான். "அண்ணே, பாப்பா கேக்குற டெல்லி பிஏ வரலாத்துக்கு, வரலாத்துப் பரீட்சை எழுதியே ஆகணுமாம். திருத்துறதுக்கு இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி."

டியூட்டி முடிந்து அவர் கடைக்குள் நுழைந்தபோது மணி நாலு.

"மீனாவுக்குத் தெரியாம முடிச்சிரு, மாப்ள."

"ஓடிபி அவ போனுக்குத்தாண்ணே போகும்."

ஜெயபாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பரீட்சை எழுதுறா. அதுக்கு மேல இது எதுக்குடா?"

"அதெல்லாம் மேலிடத்து விசயம்ணே."

பள்ளிக்கூடத்து வாத்தியாரும் போன வாரம் இப்படித்தான், "காலம் மாறிப்போச்சுல்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு இருபது. சும்மா இருந்துவிட்டால் என்ன? மதுரையிலேயே ஏதாவது கல்லூரி, சாயங்காலம் வீட்டில் ரெண்டு தட்டு. மனைவி தங்கப்பொண்ணு போய்ச் சேர்ந்து நாலு வருசமாக அந்த ரெண்டு தட்டுதான். பஸ்ஸில் நாள் முழுக்க எண்பது பேர் அவர் மேல் சாய்ந்துகொண்டு வருகிறார்கள். "சாப்பிட்டியா" என்று கேட்க வீட்டில் மீனா ஒருத்திதான். மனைவி இருந்திருந்தால், "நீ டிக்கெட்டக் கிழி, புள்ளைய விடு" என்றிருப்பாள்.

நாலரைக்கு சிராஜிடம் திருத்தத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

"மீனா, ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டேன்." முழுவதையும் சொன்னார்.

"வேணும்னே பண்ணியாப்பா?"

"அன்னைக்கு இல்ல." கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குத்தான், அரை மணி நேரமா வேணும்னே உக்காந்திருக்கேன்."

அவள் திட்டுவதற்குள் அவரே கேட்டார்.

"இந்தப் பரீட்சை எதுக்குத்தான் வைக்கிறாய்ங்க? கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்."

"ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி மார்க் போடுறாங்கப்பா. எங்க மிஸ் கையிறுக்கம், இன்னொரு ஊர்ல அள்ளிப் போடுவாங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வியக் குடுத்தாத்தான் யாருக்கு எம்புட்டுத் தெரியும்னு பாக்க முடியும். கோச்சிங் போறவங்களுக்கு அது இன்னும் தோதுதான், இல்லைங்கல. ஆனா வரலாறு படிக்கணும்னு போறவட்ட வரலாத்தத்தான கேப்பாங்க? பொருளாதாரத்துல தொண்ணூத்தேழ வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் அவர் கேட்கிற கேள்வி. பெற்ற பிள்ளையிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது ஜெயபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆத்தா, நீ எங்க போகணும்?"

"டெல்லிக்குப்பா. நீ தனியாக் கெடப்பேன்னு தெரியும். தெரிஞ்சுதான் போறேன். ஓடிபி வந்திருச்சு, சொல்றேன், எழுதிக்க."