பாஸான சர்க்கரை

"பரிட்சை உனக்கா எனக்கா சிஸ்டர்? அத்த மொதல்ல சொல்லு" என்றாள் பேபி.

"எனக்குத்தான் அக்கா. நீங்க சும்மா வந்து உட்கார்ந்தா போதும்."

"சும்மா உக்கார்றதுக்கு நான் எதுக்கு? ரோட்டுல போறவங்க யாரையாவது புடிச்சி உக்கார வெச்சுக்கோ."

"உங்களை வெச்சுத்தான் எனக்கு மார்க். ஆறு மாசமா உங்க சர்க்கரையை எப்படி இறக்கினேன்னு நான் சொல்லணும். தாம்பரத்துல இருந்து மேடம் வருவாங்க, வெளியில இருந்து ஒரு பெரிய டாக்டர் வருவாரு. கேள்வி கேட்பாங்க. உங்க விரலைக் குத்திப் பார்ப்பாங்க."

"நம்பரு நல்லா வந்தா?"

"நான் பாஸ்."

"வரலேன்னா?"

"வராம எங்க போகும்? ஒவ்வொரு தடவையும் பாஸ் ஆகிற ஆளு நீங்க" என்று சொல்லிவிட்டு ஞானஜோதி ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள். கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பேபி சிரிக்கவில்லை. அதைத் திரும்பிப் பார்க்க ஞானஜோதிக்கு நேரமில்லை.

படப்பையில் இறங்கி உள்ளே போனால் வருகிற ஊர் பூந்தாங்கல். ஞானஜோதி படிக்கும் நர்சிங் கல்லூரியின் அறக்கட்டளை அங்கே ஒரு சின்ன மருத்துவ நிலையம் வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் டாக்டர் வருவார், அவரோடு பயிற்சிக்கு ஞானஜோதியும். மற்ற நாட்களில் கதவு திறந்திருக்கும், விசிறி சுற்றும், டாக்டர் நாற்காலியில் மருந்து எழுத ஆள் இருக்காது. காய்ச்சல் என்று வந்தவர்களைக்கூட "வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்குமா என்ன.

அந்த நாற்காலியில் உட்காரத்தான் ஞானஜோதி இந்த வயதில் படிக்க வந்தாள். வார்டு சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு, கிராமத்து மக்களுக்கான உயர்நிலைச் செவிலியர் முதுகலைப் படிப்பு. நோயாளியை முழுதாகச் சோதிக்கலாம், டாக்டரோடு பேசி வகுத்துக்கொண்ட வரம்புக்குள் மருந்து தொடங்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு ஒரே நிபந்தனை, கடைசிச் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். தேறினால் அடுத்த திங்கள் முதல் பூந்தாங்கல் அவளுடையது. தேறாவிட்டால் அந்த இடத்தை மூடிவிட்டு வேறு ஊர் பார்க்கலாம் என்று அறக்கட்டளையில் பேச்சு அடிபட்டது. வகுப்பில் இருந்த சின்னப் பெண்கள் எல்லாம் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். "அக்கா தேறலைன்னா நாங்க எங்க தேறுறது" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் அவள் நோட்டை இன்னொரு தடவை புரட்டினாள்.

செம்பாக்கம் வீட்டில் அன்று மாலை அவள் கணவர் அசரியா சப்பாத்தி சுட்டுக்கொண்டே தேர்வு நடத்தினார். பள்ளிக்கூட வாத்தியார். கேள்வி கேட்காமல் அவருக்கு இருக்க முடியாது.

"நோயாளி பெயர்?"

"பேபி. அம்பத்தஞ்சு வயசு. திருமுடிவாக்கத்துல ஒரு கம்பெனியில கூட்டிப் பெருக்குற வேலை."

"அந்த மூணு மாசச் சர்க்கரையை மொத்தமாக் காட்டுற டெஸ்டு ஒண்ணு சொல்லுவியே, அது எவ்வளவு?"

ஞானஜோதி தட்டை எடுத்து வைத்தாள். "அது எடுக்கலைங்க."

"ஏன்?"

"நரம்புல ஊசி போட விடமாட்டேங்குறாங்க. விரல்ல குத்துறதோட சரின்னு ஓடிருவாங்க. அதான் விரல் நம்பர் எல்லாம் நல்லா வருதே, போகட்டும்னு விட்டுட்டேன்."

"போகட்டும்னு நீ விட்டே. வர்றவர் விடுவாரா?"

"சாப்பிடுங்க சார்" என்றாள் ஞானஜோதி. அவளுக்குக் கோபம் வந்தால்தான் அவர் 'சார்' ஆவார்.

மறுநாள் காலை பூந்தாங்கலுக்குத் தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஷீலா மேடம் கல்லூரிப் பேராசிரியை. முதல் வருடத்திலிருந்து ஞானஜோதியைத் தெரியும். கூட வந்தவர் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன், வெளியிலிருந்து வந்த தேர்வாளர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. பார்த்தவுடனே, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா? வெயில் இப்பவே இந்தப் போடு போடுது" என்றார். அதில் ஞானஜோதிக்குப் பாதி பயம் போயிற்று.

பேபி அவர்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போகிற பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம்.

"என்ன அக்கா, கல்யாணமா?" என்றாள் ஞானஜோதி மெதுவாக.

"உன் பரிட்சைக்கு அழுக்குப் பொடவையா கட்டினு வருவாங்க?"

விரலைக் குத்தினார்கள். எண்பத்து நான்கு. ஷீலா மேடம் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். பேபி அந்தக் கருவியை எட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பில் முதல் ராங்க் வாங்கிய பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

ஞானஜோதி சொன்னாள். முதல் நாள் பேபி எப்படி வந்தாள், என்ன மருந்தில் ஆரம்பித்தது, உணவில் என்ன மாற்றியது. ஆறு மாத எண்களை வரைபடமாகச் சுவரில் ஒட்டியிருந்தாள். கோடு படி இறங்குவதுபோல அழகாக இறங்கியது. அவர் குறுக்கே குறுக்கே கேட்டார், அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். அசரியா பயமுறுத்திய கேள்வி இன்னும் வரவில்லை.

"கால் உணர்வு சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன் சார். பேபியக்கா, காலைக் கொஞ்சம் நீட்டுங்க."

பேபி கையை நீட்டினாள்.

"கால் அக்கா."

"ஆங், கீது கீது" என்றாள் பேபி. எது இருக்கிறது என்று தெரியவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. மேலுதட்டில் பொடிப் பொடியாக வியர்வை. விசிறிக்கு நேர் கீழேதான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஞானஜோதி கையிலிருந்த குறிப்பைக் கீழே வைத்தாள்.

"மேல சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"ஒரு நிமிஷம் சார்."

"நேரம் போயிட்டிருக்கு ஞானஜோதி" என்றார் ஷீலா மேடம். அது எச்சரிக்கை. தேர்வில் நேரத்துக்கும் மார்க் உண்டு.

"தெரியும் மேடம்" என்றாள். அதற்குள் இன்னொரு விரலைக் குத்திவிட்டாள். ஐம்பத்து ஒன்று.

அப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, பேபியின் தாடையைப் பிடித்து, "முழுங்குங்க அக்கா, பேசாதீங்க, முழுங்குங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பட்டுப்புடவையில் சிந்தியது. கனகாம்பரம் தோளில் விழுந்தது. கால்மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எண் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. பேபி கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர், முடிஞ்சிச்சா? பாஸா?"

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"எதுவும் துன்னல. வெறும் வவுறுதான் நல்லதுன்னு..."

"நேத்து ராத்திரி?"

பேபி டாக்டரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"நேத்தும் இல்ல. முந்தா நாளு கொஞ்சம் மோரு."

"மாத்திரை போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? பரிட்சையாச்சே. காலைல கெளம்பும்போது ரெண்டு போட்டேன்."

"ரெண்டா?"

"ஒண்ணுக்கே நல்லா வருதுல்ல, ரெண்டு போட்டா இன்னும் நல்லா வரும்னு பார்த்தேன். நீ பாஸ் ஆவணுமா வேணாமா?"

ஞானஜோதி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் கோவப்பட மாட்டேன். இன்னிக்கு மட்டும்தான் இப்படியா? இல்ல, வெள்ளிக்கிழமைங்கள்ல வரும்போதுமா?"

"ரெண்டு மாத்திரை இன்னிக்குத்தான். சோறு வுடறது எப்பவும்தான். புதன்கெழமையே நிறுத்திடுவேன். பாவக்கா ஜூஸு. நான் மட்டுமா? ரத்தினம், ரோஸி, தெருவே அப்புடித்தான். சனிக்கெழம பிரியாணி துன்னுக்குவோம்."

"ஏன் அக்கா?"

"ஏன்னா? நீதானே சொல்லுவ. நம்பரு கொறைஞ்சா 'பாஸ்'னு கை தட்டுவ. ஏறிச்சின்னா மூஞ்சி தொங்கிப்பூடும் உனக்கு. பாக்கவே பேஜாரா கீது. படப்பை பஸ்ஸுல தொங்கினு வந்து, நமக்காகப் படிக்கிற பொண்ணு. ஃபெயில் ஆவலாமா?"

ஞானஜோதிக்கு முகம் சூடாயிற்று. கை தட்டியது உண்மை. எல்லா வெள்ளிக்கிழமையும் தட்டினாள். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்துத் தட்டினாள். சுவரில் ஒட்டியிருந்த கோடு அழகாக இறங்கிக்கொண்டேயிருந்தது. அதில் எந்தப் புள்ளியும் பேபி சாப்பிட்டு வாழ்கிற நாளைச் சேர்ந்ததல்ல.

"சரி" என்றார் ஸ்ரீநிவாசராகவன். குரலில் கடுமை இல்லை. "உங்க கேஸ் போச்சும்மா. இனி எதைச் சொல்லப் போறீங்க?"

அவள் எழுந்து நின்றாள். வரைபடத்தைச் சுவரிலிருந்து பிய்த்தாள்.

"இதை எடுத்துக்காதீங்க சார். இது தப்பு. மூணு மாச டெஸ்ட் எடுத்திருந்தா எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். நரம்புல ஊசி வேணாம்னு அக்கா விடலை, நம்பர் நல்லா இருக்கேன்னு நானும் வற்புறுத்தலை. நான் முதல்ல இருந்து கேட்டு எழுதணும். இங்கயே, இப்பவே கேட்கவா?"

"கேளுங்க."

அவள் புதுத் தாள் எடுத்தாள். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சனிக்கிழமை காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க அக்கா" என்றாள். பேபி ஆரம்பித்தாள். விடியலில் டீ, அதில் மூன்று ஸ்பூன். கம்பெனி வேன் ஏறுமுன் பழைய சோறு. பதினோரு மணிக்குக் கம்பெனியில் கொடுக்கும் டீ, அதோடு மேற்பார்வையாளர் பிரசன்னா சார் பிறந்தநாள் என்றால் கேக். மாத்திரை மத்தியானம், ஞாபகம் வந்தால். கை கால் நடுங்குவது உண்டா என்று கேட்டபோது, "வெள்ளிக்கெழம காலைல மட்டும் நடுங்கும். உன்னைப் பாக்கப் போற பயம்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.

ஷீலா மேடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அது சிரிப்புதானா என்று ஞானஜோதி பார்க்கவில்லை.

"நான் வூட்டுக்குப் போவட்டா? இப்ப நல்லாத்தானே கீறேன்" என்று பேபி எழுந்தாள்.

"உட்காருங்க. போகக் கூடாது."

"ஏன் போகக் கூடாது?" என்று டாக்டர் கேட்டார். இது தேர்வுக் கேள்வி.

"இந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும் சார். ரெண்டு போட்டிருக்காங்க. குளுக்கோஸ் தீர்ந்ததும் திரும்ப இறக்கிடும். இட்லி வாங்க ஆள் அனுப்பியிருக்கேன். சாயந்திரம் வரைக்கும் மணிக்கொரு தடவை பார்ப்பேன். இறங்கினா தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஏத்திருவேன். இன்னியிலிருந்து இந்த மாத்திரையை நிறுத்துறேன். மூணு மாச டெஸ்ட் வந்தப்புறம்தான் வேற எதுவும்."

"நரம்புல ஊசி போட விடமாட்டாங்கன்னு சொன்னீங்களே."

பேபி கையை நீட்டினாள். இந்தத் தடவை சரியாகத்தான் நீட்டினாள். "எடுத்துக்கோ. மூஞ்சிய மட்டும் அந்தாண்ட திருப்பிக்கிறேன்."

தேர்வாளர்கள் இரண்டு பேரும் வாசலில் வேப்ப மரத்தடியில் வெகு நேரம் பேசினார்கள். உள்ளே பேபி இட்லியை விழுங்கிக்கொண்டே, "திட்டுறாரா? நான் போய் சொல்லட்டா, தப்பு என்னுதுன்னு?" என்றாள்.

"சும்மா இருங்க அக்கா. தப்பு என்னோடது."

"நான் துன்னாம இருந்ததுக்கு நீ இன்னா பண்ணுவ?"

ஸ்ரீநிவாசராகவன் உள்ளே வந்தார். "கேஸுக்கு மார்க் போட வழியில்லை. சைபர்தான்" என்றார். "மீதி எல்லாத்தையும் கூட்டினா தேர்ச்சிக் கோட்டுக்கு நூலளவு மேல நிக்கறீங்க. திங்கட்கிழமை வந்து உட்காரலாம். ஆனா மூணு மாசம் ஷீலா மேடம் மேற்பார்வை. அதுக்குள்ள இந்தத் தெருவோட உண்மையான நம்பரை எடுத்து, புதுசா ஒரு கேஸ் எழுதிக் கொடுக்கணும். அப்பதான் சான்றிதழ். சம்மதமா?"

"சம்மதம் சார்."

அவர் கிளம்பும்போது பேபியிடம் குனிந்து, "எங்க வீட்லயும் ஒருத்தர் உண்டும்மா. செக்கப்புக்கு முந்தின வாரம்தான் வாக்கிங் போவார். அதுவரைக்கும் ஜாங்கிரி" என்றார்.

"யாரு சார் அது?"

"நான்தான்."

திங்கட்கிழமை காலை ஞானஜோதி மருத்துவ நிலையத்தைத் திறக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பேபியின் தெருவுக்குப் போனாள். சொல்லாமல் போனாள். ரத்தினம் வீட்டு வாசலில் ரத்தினமும் ரோஸியும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வடகறி வாசனை தெருமுனை வரை வந்தது. அவளைப் பார்த்ததும் ரோஸி தட்டை முந்தானைக்குள் மறைத்தாள்.

"மறைக்காதீங்க. துன்னுங்க. துன்னு முடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் குத்துவேன். அதுவரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்திருக்கப் போறேன்."

"வெள்ளிக்கெழம வரோம் சிஸ்டர்" என்றாள் ரத்தினம், தோசையைப் பாதியில் விட்டுவிட்டு.

"வெள்ளிக்கிழமை நம்பர் யாருக்கு வேணும்? எனக்கு இன்னிக்கு வேணும்."

இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தியபோது ரோஸிக்கு இருநூற்று எழுபது வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஞானஜோதியின் முகத்தையே பார்த்தாள். முகம் தொங்கவில்லை. ஞானஜோதி எண்ணை எழுதிக்கொண்டு, "இதுக்கு மருந்து இருக்கு. உங்களுக்கு எது சரியா வரும்னு பார்ப்போம்" என்றாள்.

"திட்ட மாட்டியா?"

"எதுக்குத் திட்டணும்? மாத்திரை எப்போ போடுறீங்க?"

ரோஸி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். "நெசத்தையே சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"வூட்டுக்காரருக்கும் சுகர். ஒரே அட்டைய ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குறோம்."

ஞானஜோதி பேனாவை மூடினாள். "அவரையும் கூப்பிடுங்க" என்றாள். "வடகறி மிச்சம் இருக்கா?"