வெள்ளத்தில் அறுத்த கால்

பரிமளத்துக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நோயாளரைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். முன்பு இந்த வேலை செய்தவள் என்று ஒரு டொக்டர் எழுதித் தந்தால் எடுப்போம், திங்கட்கிழமைக்குள் கொண்டுவா என்றார்கள். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் நின்று, அவளுடைய விரல் நுனிகளில் தோல் இல்லாமல் போயிருந்தது.

1988 வைகாசி. சனிக்கிழமை ‘கோ’ என்ற புறநகர் ரெயின் பிடித்து, பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருக்கும் டொக்டர் அமிர்தநாதரிடம் போனாள். மட்டக்களப்புப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்கு முதன்முதல் வந்த டொக்டர் அவர். அவள் அங்கே அற்றெண்டன், வார்ட்டுக் கூட்டும் எடுபிடி ஆள்.

மருமகள் அன்ரனெற் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மேசையில் ஊர்ச் சங்கத்து விழா மலரின் அச்சுத்தாள் கிடந்தது. ‘கிழக்கின் ஆரம்பகால வைத்தியர்கள்.’ முதல் படமே அமிர்தநாதர்தான்.

“அன்ரி, அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கை மாமா தனியாளா ஒராளின்ரை காலை அறுத்த கதை தெரியுமோ? இந்த வீட்டிலை கிழமைக்கு ரெண்டு தரம் அந்தக் கால் அறுபடும்.”

“தெரியும் பிள்ள. நானும் அங்கதான் நிண்டன்.”

அன்ரனெற் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனாள்.

அந்தக் காலை அறுத்தவள் பரிமளம். மரம் விழுந்து நசுங்கிய கால். தோணி வர வழியில்லை. டொக்டருக்கோ காய்ச்சல், கை நடுங்கி எலும்பறுக்கும் வாளைப் பிடிக்க முடியவில்லை. அவர் கட்டிலில் சாய்ந்தபடி இடம் சொல்லச் சொல்ல, இருபத்துமூன்று வயதில் அவள் அறுத்தாள். ஆள் பிழைத்தான். அற்றெண்டன் கத்தி தொட்டது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று அவர் பெயரையே பதிந்தார்கள். அதற்குப் பிறகு காயம் தைத்ததிலும் பிள்ளைப்பேறு பார்த்ததிலும் பாதி அவள் கைதான்.

“ஐயா, நான் செஞ்சது உங்களுக்கு நினைவிருக்கா?”

“மறப்பனோ? நீர் அறுத்த மாதிரிக் கொழும்பிலை சேர்ஜன்மாரும் அறுக்கமாட்டினம்.”

“அப்ப அத எழுதித் தாங்க.”

அவர் குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மலர் அச்சுக்குப் போயிட்டுது, பரிமளம். வாற ஞாயிறு எனக்குப் பொன்னாடை போடுகினம்.”

“மலரில உங்கட பேரே இருக்கட்டும். எனக்குப் பேர் வேணாம், வேலதான் வேணும். அந்தக் கால் கதைய விடுங்க. காயம் தச்சது, பிள்ளப்பேறு பாத்தது, அத எழுதினாக் காணும்.”

“ஒண்டை எழுதினா மற்றதையும் கேப்பாங்கள். அற்றெண்டனைத் தைக்க விட்டது ஆர் எண்டு.”

“கனடாவில ஆரு ஐயா அதக் கேக்கிற?”

அவர் பேனையை எடுத்தார். வடிவான கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினார். பரிமளம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். நேர்மையானவள், சுத்தமானவள், சொன்னதைக் கேட்பவள். பதினொரு வருடம் வார்ட்டைக் கூட்டித் துடைத்தவள்.

“கூட்டினது மட்டும்தானே கிடக்கு, ஐயா.”

“அதுவும் உண்மைதானே.”

“ஓம்.”

கோபம் வரும் என்று சற்று நேரம் இருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தாள். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“ஞாயிறு விழாவுக்குக் கட்டாயம் வரவேணும், அன்ரி,” என்றாள் அன்ரனெற் வாசலில்.

“பாப்பம் பிள்ள.”

திங்கட்கிழமை முதியோர் இல்லத்து மேலாளர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். நோயாளரைத் தொடும் வேலைக்கு இது போதாது என்றாள். ஆனால் நிலம் துடைக்க ஓர் ஆள் தேவை, இந்தக் கடிதம் அதற்கு நல்ல கடிதம் என்றாள்.

எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள் பரிமளம்.