சதுர அடிக்கு ஒரு பவுண்டு

மலர்வளையத்தை நீட்டியவரின் கையை அவள் தட்டிவிட்டாள்.

"வெளியே போங்க."

வந்தவர், அவளுடைய தம்பிக்கு விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர். தம்பி கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தான். பாராசூட் விரியவில்லையாம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தாங்க விரிஞ்சுது," என்றார் பயிற்சியாளர். "எறங்கும்போது வேகம் அதிகமாயிடுச்சு. வேலியில மோதிடுவோம்னு பயந்து, தரைக்குப் பக்கத்துல வந்து சட்டுனு திருப்பிட்டான். அப்படித் திருப்பினா பாராசூட் தலைகுப்புறப் பாயும்."

"வேகம் ஏன் அதிகமாச்சு?"

அவர் குனிந்து மலர்வளையத்தின் ரிப்பனை நீவினார்.

"நேத்தே உங்க ஆளுங்ககிட்ட கேட்டுட்டேன். உடம்பு, உடுப்பு, முதுகுப்பை எல்லாம் சேர்ந்து எத்தனை பவுண்டோ, அதைப் பாராசூட் துணியோட சதுர அடியால வகுக்கணும். புது ஆளுக்கு ஒன்னைத் தாண்டக் கூடாது, தாண்டினா வேகம் ஏறிடும். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"நூத்தியெழுபது சதுர அடித் துணி. எத்தனை கிலோன்னு கணக்குப் போட்டுக் குடுத்தீங்க?"

"ஃபாரத்துல அறுபத்தெட்டுன்னு எழுதியிருந்தான்."

"அவன் எம்பத்தெட்டு! உங்க கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

சித்தப்பா எழுந்து வந்தார். "பொணத்தை வெச்சுக்கிட்டு என்னம்மா சண்டை?" தோளைத் தொட்ட அவர் கையை அவள் உதறினாள்.

"பார்சல் ஆபீஸ்ல பத்தொன்பது வருஷமா உக்காந்திருக்கேன். வாயால சொல்ற எடையை ஒரு நாளும் எழுதினதில்ல. தராசுல வெச்சாத்தான் ரசீது. தட்டுமுட்டுச் சாமானுக்கே அப்படி. உங்ககிட்ட எடை மெஷின் இல்லையா?"

"இருக்கு. கதவுக்குப் பக்கத்துலயே இருக்கு."

"அவனைக் கொன்னுட்டுப் பூவோட வந்து நிக்கிறீங்க."

பயிற்சியாளர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"மெஷின்ல ஏறி நில்லுடான்னேன். எல்லார் முன்னாடியும் வேணாம் சார்னு கெஞ்சினான். 'எங்கக்கா மூட்டைன்னுதான் கூப்பிடும், இங்கயும் அந்தப் பேரு ஒட்டிக்கும்'னான். பாவம்னு விட்டேன். தப்புதான். ஆனா என் தப்பு மட்டும்னு சொல்லாதீங்க."

சித்தப்பா வாசலுக்குப் போய்க் குனிந்து தன் செருப்பைத் தேடத் தொடங்கினார். அந்தப் பேரைச் சொல்லி அவரும் சிரித்தவர்தான்.

அவள் பெட்டியருகே போய் நின்றாள்.

வண்டி வந்து வாசலில் நின்றது. நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். படியில் இறங்கும்போது ஒரு பக்கம் சரிந்தது.

"கனமா இருக்கு, யாராவது பிடிங்கப்பா!"

பயிற்சியாளர் மலர்வளையத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு ஓடி வந்தார். அவள் அவரை இடித்துத் தள்ளிவிட்டு அந்த மூலையைத் தானே பிடித்தாள். மரவிளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது. அவள் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

"மெதுவா," என்றாள். "மெதுவா எறக்குங்க."